நிறைஞ்சிருக்கு

முதல் அடி மூடிக்கு இடது முழங்காலுக்குப் பின்னால் விழுந்தது. வரிசை கோணலாக இருக்கிறது என்பது குற்றச்சாட்டு. அந்த வரிசையில் அவரைத் தவிர ஓர் ஈ காக்கை கிடையாது.

"ஒருத்தன் நிக்கிற வரிசை எப்படிங்க கோணலாகும்?" என்று கேட்டுவிட்டார் மனுஷன். வாய் சும்மா இருந்தால்தானே?

"நீ கோணலா நின்னா வரிசை கோணல்தானே?" என்றான் தடிக்காரன், இரண்டாவதைக் கொடுத்துக்கொண்டே. அவன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. முதல் அடியில் ஒரு கால் மடங்கிப்போனதால் மூடி அப்போது உண்மையிலேயே கோணலாகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

இது நடந்த இடம் குளிர்பானம் மற்றும் நொறுக்குத்தீனிச் சீர்வழங்கல் வாரியத்தின் முன்கூடம். சுருக்கமாகச் சீர்வாரியம். அடி வாங்கியவர்கள் ஓர் எழுத்தை மாற்றி, சீறுவாரியம் என்பார்கள். உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஆளுயர எழுத்தில் ஒரு வாசகம்: 'அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவார்.' வாரியம் என்றால் ஒரு குறிக்கோள் வாசகம் வேண்டுமல்லவா? பழமொழியை எடுத்துப் போட்டுவிட்டால் யோசிக்கிற வேலை மிச்சம்.

மூடிக்கு வேறொரு பெயர் உண்டு. அது கடை லைசென்ஸில் மட்டும் இருக்கிறது. பஸ் நிலையத்தின் பின்வாசலுக்கு எதிரே சோடா, ஜூஸ், கலர் விற்கிற கடை அவருடையது. புட்டியைத் திறந்ததும் மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது முப்பது வருஷப் பழக்கம். நடந்தால் கலகலவென்று சத்தம் வரும். அதனால் அந்தப் பெயர்.

கடை அவருடைய மாமனார் வைத்தது. மூடி வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். மாமனார் கண்ணை மூடுவதற்கு முன் சாவியைக் கையில் திணித்து, "பொண்ண விட்டாலும் விடுங்க மாப்ள, கடைய விட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கடை இருக்கிறவரை மூடி ஊருக்கு ஓர் ஆள். கடை போனால் யாரோ எவரோ. அதனால்தான் தடி விழும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றையே சொல்லிக்கொண்டார்: உடம்பு ஆறிடும், கடை போனா வராது.

தட்டுப்பாடு எப்படி வந்தது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. முதலில் சோடாவுக்கு காஸ் வரவில்லை. காஸ் வந்தபோது புட்டி வரவில்லை. புட்டி வந்தபோது மூடி வரவில்லை. மூன்றும் வந்து சேர்ந்தபோது ஏற்றிவர லாரி இல்லை. சிப்ஸ் போட வேண்டிய உருளைக்கிழங்கோ ஏதோ துறைமுகத்தில் முளைவிட்டு இலைவிட்டுக் கிடந்தது. இதைச் சீராக்கத்தான் வாரியம் பிறந்தது. பிறந்த கையோடு லாரித் தட்டுப்பாட்டை ஆராய்வதற்காக ஊரில் மிச்சமிருந்த நாற்பது லாரியையும் எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் தட்டுப்பாடு சீராக இருந்தது. எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி.

முன்கூடத்தில் இரண்டு வரிசை போட்டிருந்தார்கள். ஒன்று 'சரக்கு இருப்போர்', இன்னொன்று 'சரக்கு இல்லாதோர்'. இரண்டாவதில் ஊரின் சின்னக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் தெருமுனைவரை நின்றார்கள். வாசல் தடிக்காரன் மூடியைப் பார்த்து, "சரக்கு இருக்கா?" என்று கேட்டான்.

"நிறைஞ்சிருக்குங்க" என்றார் மூடி.

இங்கேதான் கதை கெட்டது. கடையில் நின்று 'இல்லை' என்று சொல்லக் கூடாது. மாமனார் போட்ட சட்டம் அது. சொன்னால் சொன்னபடியே ஆகிவிடுமாம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் 'போறேன்' என்றா சொல்கிறோம்? 'வரேன்' என்றுதானே? அதே மாதிரிதான். சரக்கு தீர்ந்துபோனால் 'நிறைஞ்சிருக்கு' என்று சொல்ல வேண்டும். பஸ் நிலையத்தில் எல்லோருக்கும் இது அத்துப்படி. தினமும் வருகிற கண்டக்டர், "அண்ணே, சோடா?" என்பான். "நிறைஞ்சிருக்கு தம்பி" என்பார் மூடி. "சரிண்ணே, நாளைக்கு வரேன்" என்று போய்விடுவான். மூன்று மாதமாக இந்த ஒரே பேச்சுத்தான் நடந்துகொண்டிருந்தது.

தடிக்காரன் கண்டக்டர் இல்லையே. மூடியை 'இருப்போர்' வரிசையில் தள்ளிவிட்டான்.

முன்மேசையில் இருந்த எழுத்தர், படிவத்தை வாங்கிப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். படிவத்தை நிரப்பியவள் மூடியின் மனைவி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எலுமிச்சை சோடா: நிறைஞ்சிருக்கு. ஆரஞ்சு கலர்: நிறைஞ்சிருக்கு. திராட்சை ஜூஸ்: நிறைஞ்சிருக்கு. இப்படி இருபத்தெட்டு வரி.

"எல்லாமேவா?" என்றார் எழுத்தர்.

"எல்லாமே நிறைஞ்சிருக்குங்க" என்றார் மூடி, செத்த வீட்டில் சொல்கிற குரலில். "பாத்து ஏதாவது பண்ணுங்க."

"கண்டிப்பா பண்ணுவாங்க" என்றார் எழுத்தர்.

அந்த எழுத்தர் வீட்டிலும் அவர் அம்மா, அரிசி தீர்ந்தால் அப்படித்தான் சொல்வாள். ஆனால் படிவத்துக்கு அம்மா கிடையாதே.

அதே நேரத்தில் இன்னொரு வரிசையில் மூடியின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அடி வாங்கிக்கொண்டிருந்தான். அவன் அடுத்த கடையில் சிப்ஸும் பிஸ்கட்டும் விற்கிறவன். அப்பா சட்டமெல்லாம் பழைய காலம் என்று சொல்கிறவன். "சரக்கு இருக்கா?" என்று கேட்டதற்கு, நெஞ்சை நிமிர்த்தி, "இல்லை" என்றான். பளீரென்று கன்னத்தில் விழுந்தது. சுற்றறிக்கை பதினேழின்படி 'இல்லை' என்பது பீதி கிளப்பும் சொல். அதற்குப் பதிலாக 'சீராக வந்துகொண்டிருக்கிறது' என்று சொல்ல வேண்டும். யார் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தாலும் அந்த நொடியே அடி. தடிக்காரர்களுக்கு இதில் ஒரு மாதம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். யோசிக்காமல் கை தானாக எழ வேண்டும் என்பதுதான் பயிற்சி.

"சட்டியில இருந்தாத்தானே சார் அகப்பையில வரும்?" என்று கேட்டான் மச்சான்.

பழமொழி எல்லாம் வாரியத்துக்கே சொந்தம். அதற்கு இரண்டு பல் போயிற்று.

வீட்டுக்கு வந்த இரண்டு பேரையும் பார்த்து மூடியின் மனைவி முதலில் அழுதாள். அப்புறம் திட்டினாள்.

"ஏன்டா, நீ இல்லன்னு சொன்னதுக்கு அடிச்சாங்க, சரி. இவரை எதுக்கு அடிச்சாங்க?"

"மாமா இருக்குன்னு சொன்னாருக்கா" என்றான் தம்பி, ஓட்டை வாயில் காற்று போக.

"நான் எங்கடா இருக்குன்னு சொன்னேன்? நிறைஞ்சிருக்குன்னு சொன்னேன்!"

"வெளியாளுக்கு அது என்ன மாமா வித்தியாசம்?"

மூடிக்கு அப்போதுதான் உறைத்தது. படிவத்தைத் திருப்பி வாங்கிவிடலாமா என்று யோசித்தார். திருப்பி வாங்குகிற வரிசைக்கும் ஒரு தடிக்காரன் இருப்பான் என்று நினைத்ததும் முழங்காலுக்குத் தைலம் தேய்க்க உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆய்வாளர் வந்தார். கூடவே பன்னிரண்டு தடிக்காரர்கள், இரண்டு கடப்பாரை, ஒரு கையேடு.

"எங்க?" என்றார் ஆய்வாளர்.

"என்னங்க எங்க?"

"நிறைஞ்சிருக்கறது."

"ஐயா, அது வந்து... நிறைஞ்சிருக்குன்னா எங்க கடையில தீர்ந்துபோச்சுன்னு அர்த்தங்க."

ஆய்வாளர் நிதானமாகக் குறித்துக்கொண்டார். "நிறைஞ்சிருக்குன்னா தீர்ந்துபோச்சு. அப்போ நிஜமாவே நிறைய இருந்தா என்ன சொல்லுவீங்க?"

மூடி யோசித்தார். "அப்போ ஒண்ணும் சொல்ல மாட்டோங்க. எடுத்துக் குடுப்போம்."

"ரகசிய பாஷை வேற" என்று எழுதிக்கொண்டார் ஆய்வாளர். பிறகு தடிக்காரர்கள் பக்கம் திரும்பி, மூடிக்கும் கேட்கும்படி ஒரு சின்னச் சொற்பொழிவு செய்தார். "பாருங்க, நாங்க யாரையும் கோபத்துல அடிக்கறது கிடையாது. கோபத்துல அடிச்சா அராஜகம். கையேட்டுப்படி அடிச்சா சேவை. என் சர்வீஸ்ல ஒரு தடவைகூட நான் மனசறிஞ்சு யாரையும் அடிச்சது இல்ல."

'இல்ல' என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், பக்கத்தில் நின்ற தடிக்காரனின் கை தானாக எழுந்தது. ஆய்வாளரின் முதுகில் சொத்தென்று ஒன்று விழுந்தது. அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "நல்லது, பயிற்சி நல்லா இருக்கு" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

அப்புறம் வேலை தொடங்கியது. குளிர்பெட்டியைத் திறந்தார்கள். காலி. இரட்டைச் சுவராக இருக்கும் என்று சொல்லி அதைக் கடப்பாரையால் பிளந்தார்கள். அலமாரியைக் கவிழ்த்து, பலகை பலகையாக உடைத்துப் பார்த்தார்கள். காலிப் புட்டிகளை ஒவ்வொன்றாகச் சுவரில் அடித்து, காலிதானா என்று உறுதிசெய்தார்கள். கடை முழுக்க கண்ணாடிச் சில். தடுக்கப் போன மச்சானை அதன்மேலேயே உட்கார வைத்தார்கள். தரையைத் தோண்டியபோது கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, கடைக்கு அடியில் போகிற சாக்கடைக் குழாய் உடைந்து ஆளுயரத்துக்குப் பீய்ச்சியது. அதற்கும் மூடிக்குத்தான் நான்கு அடி. அவர் ஓடியபோது சட்டைப்பையில் மூடிகள் கலகலவென்றன. "சத்தம் கேக்குது பாரு, உள்ள வெச்சிருக்கான்" என்று சட்டையையும் கிழித்தார்கள். மூடிகள் சாக்கடைத் தண்ணீரில் சிதறின.

உடம்பு ஆறிடும் என்று சொல்லிக்கொண்டார் மூடி. சுவர் நிற்கிறது, கூரை நிற்கிறது. அலமாரி மறுபடி செய்துகொள்ளலாம்.

அப்போது ஒருவன், "சார், அகப்பட்டுச்சு!" என்று கத்தினான்.

கூரைக்குக் கீழே ஒற்றைப் பலகையில் ஒரு புட்டி இருந்தது. கடை திறந்த அன்றைக்கு வந்த முதல் பெட்டியின் முதல் சோடா. மாமனார் அதை விற்காமல், திறக்காமல், முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அங்கே வைத்தது.

மூடியின் மனைவி அதுவரை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவர்கள் புட்டியைத் தொட்டதும் எழுந்தாள். ஐஸ் உடைக்கிற கட்டை கையில் அகப்பட்டது. "அப்பா வெச்சதுடா அது!" என்று முதல் தடிக்காரனின் தோளில் ஒரு போடு. அவன் சுருண்டான். பெண் அடித்தால் என்ன செய்வது என்று மற்றவர்கள் கையேட்டைப் புரட்டினார்கள். பொருளடக்கத்தில் தேடி, பின்னிணைப்பில் தேடி, அப்படி ஒரு பிரிவே இல்லை என்று தெரிவதற்குள் அவள் இன்னும் நான்கு பேர் மண்டையைப் பார்த்துவிட்டாள். ஆறாமவன் கையேட்டாலேயே அவள் மணிக்கட்டில் அடித்தான். கட்டை விழுந்தது.

ஆய்வாளர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பானம்தானான்னு உறுதி செய்யணும்" என்றார். அவருக்கும் மூன்று மாதமாகத் தொண்டை காய்ந்துதானே கிடந்தது? காதோரம் வைத்து நன்றாகக் குலுக்கினார்.

"ஐயா, குலுக்காதீங்க! பழசு!" என்று கத்தினார் மூடி. முப்பது வருஷம் சோடா விற்றவர் சொன்னால் கேட்க வேண்டாமா?

டமார்.

புகை மாதிரி ஒரு நுரை. அது அடங்கியபோது ஆய்வாளரின் கையில் புட்டியின் கழுத்து மட்டும் இருந்தது. இடது காதில் கீழ்ப்பாதி காணவில்லை. அவர் அதைத் தரையில் தேடினார். சாக்கடைத் தண்ணீர் அதை எங்கேயோ கொண்டுபோயிருந்தது.

"வெடிபொருள்" என்றார் ஆய்வாளர், ரத்தம் தோளில் சொட்டச் சொட்ட. "எழுதிக்குங்க. வெடிபொருள் பதுக்கல்."

அதிகாரி ஒருவரின் காது சேதமானால் மூன்று விரல் என்று கையேட்டில் இருந்தது. அரைக் காதுக்கு எத்தனை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். மூடியின் இடது கையைக் கடைத் திண்டின்மேல் வைத்து, கடப்பாரையின் பின்பக்கத்தால். அவர் போட்ட கூச்சலில் பஸ் நிலையத்தில் புறப்படவிருந்த பஸ் நின்றுவிட்டது.

அன்று மாலை ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத் தெருவாகப் போயிற்று. ஊரின் மொத்தத் தட்டுப்பாட்டுக்கும் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது என்றது அது. கடையைத் தோண்டியும் ஒரு புட்டிக்கு மேல் அகப்படாதது, பதுக்கியவரின் அபாரத் திறமைக்குச் சான்று. நாளை மாலை நான்கு மணிக்கு அதே கடை வாசலில், வாரியத் தலைவர் முன்னிலையில், பதுக்கிய சரக்கு முழுவதும் பொதுமக்களுக்கு வழங்கப்படும். அனைவரும் வருக. பாத்திரம் கொண்டு வருக.

"எதைடி குடுக்கப் போறாங்க?" என்றார் மூடி, கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி.

"எனக்கென்னங்க தெரியும்?"

"ஊரே வருமே. வந்து ஒண்ணும் கெடைக்கலன்னா கடைய என்ன பண்ணுவாங்க?"

அவள் அவர் கையில் கட்டுத் துணியை இறுக்கி முடிந்தாள்.

"நான் நாளைக்குச் சொல்லிடப் போறேன். எல்லார் முன்னாடியும், சத்தமா, அந்த வார்த்தைய."

"கடை வாசல்ல நின்னா? அப்பா சொன்னது மறந்துபோச்சா?"

"உங்கப்பா சொன்னதக் கேட்டுத்தான் ரெண்டு விரல் போச்சு!"

"விரல் ஆறிடும்" என்றாள் அவள். "வேணாங்க. சொல்லாதீங்க. சொன்னா கடை போயிடும்."

மறுநாள் மூன்று மணிக்கே ஊர் திரண்டுவிட்டது. குடம், வாளி, போணி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மூன்று மாதமாக வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த ஊர். முன்னால் நின்றவன் விலா எலும்பில் பின்னால் நின்றவனின் வாளி இடித்தது. இடித்தவன் மூக்கில் இடிபட்டவன் முழங்கை பட்டது. நான்கு மணிக்குள் ஆறு மண்டை உடைந்துவிட்டது. ஒரு பெரிய மனுஷர் இன்னொரு பெரிய மனுஷரின் கையைக் கடித்துக்கொண்டு, வரிசையில் இடம் போய்விடும் என்று விடாமல் நின்றார்.

வாரியத் தலைவர் காரிலிருந்து இறங்கி, பிளந்து கிடந்த குளிர்பெட்டியின்மேல் ஏறி நின்றார். பக்கத்தில் தலையெல்லாம் கட்டோடு ஆய்வாளர். சுற்றிலும் தடிக்காரர்கள்.

"பெருமக்களே!" என்றார் தலைவர். "தட்டுப்பாடு என்று ஒன்று கிடையவே கிடையாது. 'கிடையாது' என்பதை நான் சொல்லலாம். அது இன்னும் சுற்றறிக்கையில் சேர்க்கப்படாத சொல். நம் வாரியம் தொடங்குவதற்கு முன்னால் இந்த ஊருக்குத் தினமும் பன்னிரண்டு லாரி சரக்கு வந்தது. என்ன கேவலம்! கண்டவனும் கண்ட கடையில், கேட்ட மாத்திரத்தில் வாங்கிக் குடித்தான். ஒரு முறை உண்டா, ஒரு ஒழுங்கு உண்டா? இன்று பாருங்கள். இந்த மூன்று மாதத்தில் ஒரு புட்டியையாவது யாராவது முறைகேடாகக் குடித்தார்கள் என்று ஒரே ஒரு புகார் வந்திருக்கிறதா? எங்களைப் பிடிக்காதவர்கள் சொல்கிறார்கள், வாரியம் அடிக்கிறது என்று. அடிக்காமல் பின்னே? கொடுப்பதற்கு எங்களிடம் அது ஒன்றுதானே தாராளமாக இருக்கிறது?"

இதற்குக் கைதட்டல் எழவில்லை. தலைவர் அவசரமாக மூடியைக் காட்டினார். "இதோ, இவர் இப்போது சரக்கை எடுத்துத் தருவார்."

ஆயிரம் முகம் மூடியின் பக்கம் திரும்பியது. அவர் பின்னால் திரும்பிக் கடையைப் பார்த்தார். நான்கு சுவர், ஒரு கூரை, மாமனார் கையால் மாட்டிய பெயர்ப்பலகை. மனைவி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். உண்மையைச் சொன்னால் நல்ல ஜனம், திட்டிவிட்டுக் கலைந்து போய்விடும் என்று நினைத்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, கடை வாசலில் நின்று, அடித்தொண்டையிலிருந்து கத்தினார்.

"இல்லை! இங்க ஒண்ணுமே இல்லை!"

இரண்டு 'இல்லை'. இரண்டு தடி. ஒன்று தோள்பட்டையில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் அவருக்கே கேட்டது. இன்னொன்று முதுகில். குப்புற விழுந்தார்.

கூட்டம் ஒரு நிமிஷம் யோசித்தது.

"உண்மையச் சொன்னா எதுக்கு அடிக்கிறாங்க?" என்று கேட்டான் தொட்டி கொண்டுவந்தவன். "பொய் சொல்றான், அதான் அடி! உள்ள இருக்கு!"

அவ்வளவுதான். தலைவர் காருக்குள் பாய்ந்து ஏறி ஆபீஸைப் பார்க்கப் பறந்தார். ஆய்வாளர் ஓடும்போது மிச்சக் காதும் யார் கையிலோ மாட்டியது. தடிக்காரர்கள் ஆளுக்கு ஐந்து பேரை அடித்துவிட்டு ஆளுக்கு ஐம்பது பேரிடம் வாங்கினார்கள். குடத்தால் அடித்தார்கள், வாளியால் அடித்தார்கள். மச்சானை அவன் பிஸ்கட் தகரத்தாலேயே அடித்தார்கள். அவனுக்கு இன்னும் ஒரு பல் போயிற்று. கதவைப் பிடுங்கினார்கள். சுவரில் பதுக்கியிருப்பான் என்று சுவரை இடித்தார்கள். சுவர் போனதும் கூரை, உள்ளே இருந்தவர்கள் தலைமேல் இறங்கியது. பெயர்ப்பலகையை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, முறித்து, ஒருவரையொருவர் அதனாலேயே சாத்திக்கொண்டார்கள். மூடி தரையில் கிடந்தபடி எல்லாவற்றையும் பார்த்தார். ஒருவன் அவர் நெஞ்சின்மேல் மிதித்து ஏறிப்போனான். வலிக்கிறதா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. கண் முழுக்க கடை.

இடிக்க ஒன்றும் மிச்சம் இல்லை என்றானதும் கூட்டம் மூடியையே சுற்றிக்கொண்டது. தொட்டிக்காரன் ஒரு செங்கல்லைத் தலைக்குமேல் தூக்கினான்.

"சரக்கு எங்கடா?"

மூடியின் மனைவி அவர்மேல் குறுக்கே விழுந்தாள். தலை கலைந்து, நெற்றியில் ரத்தம்.

"அடிக்காதீங்கய்யா! இங்க கேட்டா? போய் வாரியத்துல கேளுங்க!" என்று கையை நீட்டிக் கத்தினாள். "அங்கதான் நிறைஞ்சிருக்கு!"

அவளை அடிக்க அங்கே ஒரு தடிக்காரன்கூட நிற்கவில்லை. சொன்னதற்கு அடி விழவில்லை. ஆகவே கூட்டம் நம்பியது.

செங்கல் கீழே விழாமல், தொட்டிக்காரனோடு கிளம்பிப் போயிற்று. ஆயிரம் பேரும் அதன் பின்னால் போனார்கள். தெரு சட்டென்று காலியாகி, உடைந்த குழாயின் சத்தம் மட்டும் கேட்டது.

மூடி ஒற்றைக் கையை ஊன்றி எழுந்து, செங்கல் குவியலில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஏன்டி, நெஜமாவே அங்க இருக்கா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் அவள், சேலைத் தலைப்பால் அவர் வாய் ரத்தத்தைத் துடைத்தபடி. "கடை வாசல்ல நின்னுக்கிட்டு வேற எப்படிச் சொல்றது?"

மூடிக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்செலும்பு குத்தியதால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கண்டக்டர் வந்தான். சட்டையில் ஒரு கை இல்லை. தொப்பி மட்டும் எப்படியோ தலையில் இருந்தது. வாரியம் இருந்த பக்கம் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அங்க நடந்தத நீங்க பாக்கணுமே! மூணு மாடியையும் பிரிச்சுட்டாங்க. தலைவர் மேசைமேல ஏறி நின்னுக்கிட்டு, சீராக வந்துகொண்டிருக்கிறதுன்னு சொல்லிப் பாத்தாரு. ஜனம் மேசைய ஆட்டினாங்க. பயத்துல, இல்லை, இங்க இல்லை, சத்தியமா இல்லைன்னு கத்திட்டாரு. மூணு தடவை! அவர் ஆளுங்களே பளார் பளார்னு மூணு போட்டாங்க பாருங்க, மேசைலேர்ந்து அப்படியே கீழ போயிட்டாரு. அடிச்சத ஜனம் பாத்துச்சு. ஓகோ, பொய் சொல்றான், உள்ள இருக்குன்னு... அப்புறம் என்ன? தலைவரு ஆஸ்பத்திரியில இருக்காரு. ரெண்டு காலும் போச்சுங்கறாங்க."

"சரக்கு அகப்பட்டுச்சா?" என்றாள் மூடியின் மனைவி.

கண்டக்டர் வாயைத் திறந்தான். கடை வாசலில் நிற்கிறோம் என்பது ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அங்கயும் நிறைஞ்சிருக்குக்கா."

மூடி தரையில் துழாவி, சாக்கடை ஈரத்தில் கிடந்த ஒரு மூடியை எடுத்துத் துடைத்தார். போட்டுக்கொள்ள சட்டைப்பை இல்லை. கையிலேயே வைத்துக்கொண்டார். கண்டக்டர் அப்போதுதான் அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சரியாகப் பார்த்தான். செங்கல், தகரம், கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் நேராக அடுத்த தெரு தெரிந்தது.

"அண்ணே..." என்றான். "கடை?"

மூடி நிமிர்ந்து பார்த்தார்.

"நிறைஞ்சிருக்கு தம்பி" என்றார்.

கண்டக்டர் வழக்கமாகச் சொல்கிற பதிலைச் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் செங்கல்மேல் உட்கார்ந்தான்.